கலமும் கனலும்

நீரைச் சுடவைக்கும் தொழில் மிகப் பழமையானது. பன்னெடுங்காலமாக மக்கள் மண்கலத்தையோ செப்புக்கலத்தையோ அடுப்பில் ஏற்றி, அடியில் நெருப்பை மூட்டி வந்தனர். அம்முறையில் நெருப்பு வெளியே இருந்தது. நீர் உள்ளே இருந்தது. கலம் இடையே நின்றது. மின்னாற்றல் வந்தபின் இந்நிலை மாறிற்று. கனல் தரும் கோலே நீருள் மூழ்கிக் கிடந்து நீரைச் சூடாக்கலாயிற்று. அடியில் நெருப்பு இல்லையெனின், கலம் உலோகமாகத்தான் இருத்தல் வேண்டுமோ? பிளாஸ்டிக் தொட்டியும் போதாதோ? இவ்வினாவுக்கு விடை காண்பது எளிதன்று.

தடை மிகுந்த கம்பியின் வழியே மின்னோட்டம் பாயுங்கால் வெப்பம் பிறக்கும். இவ்வுண்மையின் கணக்கை 1840ஆம் ஆண்டை ஒட்டி ஆராய்ந்து கண்டவர் ஜேம்ஸ் ஜூல் என்னும் ஆங்கில அறிஞர். மின்வெப்பிக் கோலின் நடுவில் நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பிச்சுருள் உள்ளது. அது செந்தணல்போல் காய்ந்தாலும் எளிதில் அழியாது. சுருளைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு என்னும் வெண்பொடி இறுகத் திணிக்கப்பட்டிருக்கும். வெப்பத்தைச் செல்லவிட்டு மின்சாரத்தைத் தடுப்பது இப்பொடியின் இயல்பு. இவையனைத்தையும் ஓர் உலோகக்குழாய் மூடியிருக்கும்.

ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். எனவே 100 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த 18,900 கிலோஜூல் வேண்டும். 3 கிலோவாட் கோல் இதனைத் தருவதற்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும்.

சுடுநீர் மேலெழும், தண்ணீர் கீழிறங்கும். ஆதலின் கோலுக்குக் கீழேயுள்ள நீர் சூடேறுவது அரிது. இது கருதியே கோலைத் தொட்டியின் அடிப்பக்கத்தை ஒட்டிக் கிடையாகப் பொருத்துவர். துளை கோலின் அளவுக்குச் சரியாக இருத்தல் வேண்டும். அதன் விளிம்பில் பிசிறு இருத்தல் ஆகாது. வெப்பம் தாங்கும் ரப்பர் வாஷரை இட்டு, மரையை அளவறிந்து முறுக்குதல் வேண்டும். மிகுதியாக முறுக்கின் பிளாஸ்டிக் வெடிக்கும். குறைவாக முறுக்கின் நீர் கசியும். கோல் தொட்டியின் சுவரைத் தொடலாகாது. நீர்மட்டம் கோலுக்குக் கீழே தாழவும் கூடாது. தாழ்ந்தால், வெப்பத்தை வாங்கிக்கொள்ள நீரின்றிக் கோல் கடுஞ்சூடடைந்து தொட்டியை உருக்கிவிடும்.

மற்றுமொன்று கருதத்தக்கது. உலோகத் தொட்டியை நிலத்தோடு இணைத்தல் இயலும். பிளாஸ்டிக்கோ மின்சாரத்தைக் கடத்தாதது. கோலின் உறை பழுதுற்றால் மின்சாரம் நீரிற் பரவி, தொடுவோர் உயிருக்கு இறுதி விளைக்கும். ஆதலின் கோலின் உறையையே நிலத்தோடு இணைப்பதும், மின்கசிவு நேர்ந்தவுடன் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியை அமைப்பதும் இன்றியமையாதன.

குறித்த சூட்டில் மின்னோட்டத்தை நிறுத்தும் கருவி தெர்மோஸ்டாட் எனப்படும். அது காவலன் போன்றது. ஆயினும் காவலனும் உறங்கிவிடுதல் உண்டு. கருவியின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் மின்னோட்டம் நில்லாது; நீர் கொதிக்கத் தொடங்கும்.

இங்கிலாந்து நாட்டு வீடுகள் பலவற்றில் கூரையின் கீழ்ப் பரணில் தண்ணீர்த்தொட்டி இருக்கும். அதற்குக் கீழே செப்புக் கலத்தில் மின்வெப்பி நீரைச் சூடாக்கும். அக்கலத்திலிருந்து எழும் போக்குக்குழாய் பரண் தொட்டியின்மேல் வளைந்து நிற்கும். 2006ஆம் ஆண்டில் அத்தகைய வீடொன்றில் தெர்மோஸ்டாட் பழுதாயிற்று. கொதிநீர் குழாய்வழி ஏறிப் பிளாஸ்டிக் தொட்டியை நிறைத்தது. தண்ணீருக்கென அமைந்த அத்தொட்டி சூட்டில் தளர்ந்து சரிந்தது. மேற்கூரை இடிந்து, கீழே உறங்கிய பச்சிளங்குழந்தையின்மேல் கொதிநீர் கொட்டியது. குழந்தை உயிரிழந்தது.

அத்தொட்டி குளிர்ந்த நீரைக் குறையின்றித் தாங்கிவந்ததே. எனினும் காவல் தவறிய ஒருநாளில் அதனால் நிற்க முடியவில்லை. இதனாலன்றோ, தெர்மோஸ்டாட்டுக்குத் துணையாக இரண்டாவது காவற்கருவியையும் வல்லுநர் அமைக்கின்றனர்! சூடு அளவு மீறின் அஃது மின்னோட்டத்தை அறுக்கும். மனிதர் வந்து காரணம் அறிந்து திருத்தி அமைத்தாலன்றித் தானே மீண்டும் இணையாது. தொட்டியின் அடி முழுவதும் படியுமாறு வலிய பலகையை இடுவதும் இக்கருத்துப் பற்றியதே.

பிளாஸ்டிக் என்பது ஒரே பொருளன்று. பாலிப்புரோப்பிலீன் உருகுவதற்கு ஏறத்தாழ 160 டிகிரி வேண்டும். பாலித்தீனோ கொதிநீரின் சூட்டிலேயே தளர்ந்துவிடும். ஆதலின் வகையறிந்து கொள்ளுதல் வேண்டும். கலத்தின் வலிமையை அது நாள்தோறும் தாங்கும் சூட்டால் அளத்தல் போதாது. காவல் தவறும் நாளில் தாங்கவேண்டிய சூட்டால் அளத்தலே அறிவுடைமை. மின்னிணைப்பை அத்தொழிலில் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதும் அவ்வறிவின் பாற்பட்டதேயாம்.