எந்தக் குடத்து நீர்?

ஓர் இருட்டறையில் இரண்டு குடங்கள் அருகருகே இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் நீங்கள் சிறிது நீர் எடுத்துவர வேண்டும். இரண்டு முறையும் ஒரே குடத்தில் எடுத்துவிடவில்லை என்று எப்படி உறுதி செய்வீர்கள்?

இரட்டைக் கருவைச் சோதிக்கும் மருத்துவருக்கும் இதே கேள்விதான் எழுகிறது.

கருவிலுள்ள குழந்தை பனிக்குட நீரில் மிதக்கிறது. குழந்தையின் உடலிலிருந்து உதிர்ந்த செல்கள் அந்த நீரில் இருக்கும். கர்ப்பத்தின் 15 வாரங்களுக்குப் பின், மெல்லிய ஊசியால் சுமார் 20 மில்லி லிட்டர் நீரை எடுத்து, அச்செல்களின் குரோமோசோம்களை எண்ணலாம். வழக்கமாக 46 இருக்கும். 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருந்து 47 ஆனால், அது டவுன் நோய்க்குறி.

இரு முட்டைகளிலிருந்து தோன்றிய இரட்டையருக்குத் தனித்தனிப் பனிக்குடங்கள் உண்டு. ஒருவருக்குள்ள குறை மற்றவருக்கு இல்லாதிருக்கலாம். ஆகவே இரண்டிலும் நீர் எடுக்க வேண்டும். இதற்கு மருத்துவர்கள் ஓர் உபாயம் கண்டார்கள். முதல் குடத்தில் நீர் எடுத்தபின், அதில் சிறிது நீலச் சாயம் செலுத்தினார்கள். அடுத்து வரும் நீர் தெளிவாயிருந்தால் அது வேறு குடம். நீலமாயிருந்தால் அதே குடம்! ஆனால் மெதிலீன் நீலம் என்ற சாயம் செலுத்தப்பட்டபோது, சில குழந்தைகள் குடல் அடைப்புடன் பிறந்தன. அதனால் அச்சாயம் கைவிடப்பட்டது. இன்று ஸ்கேன் திரையில் இரு குடங்களையும், இடையிலுள்ள சவ்வையும், ஊசி முனையையும் பார்த்தபடியே நீர் எடுக்கிறார்கள்.

ஊசியால் சிறிதளவு கருச்சிதைவு அபாயம் உண்டு. தாயின் இரத்தத்தை மட்டும் சோதித்தால் போதாதா? கருவின் டி.என்.ஏ. துணுக்குகள் தாயின் இரத்தத்தில் கலந்திருப்பதை 1997இல் டென்னிஸ் லோ குழுவினர் கண்டறிந்தார்கள். ஆனால் இரட்டையரானால் இருவரின் துணுக்குகளும் அதில் கலந்துவிடும். குறை இருக்கக்கூடும் என்று இச்சோதனை எச்சரிக்கும். எந்தக் குழந்தைக்கு என்று பொதுவாகச் சொல்லாது. எனவே இது சல்லடை மட்டுமே. உறுதி செய்யக் குடத்து நீர் வேண்டும்.

ஒரே முட்டையிலிருந்து தோன்றிய இரட்டையரானால்? இருவரின் குரோமோசோம்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். இருவருக்கும் நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா என்பதை 11 முதல் 14 வாரங்களுக்குள் ஸ்கேன் காட்டிவிடும். ஒன்றே என்றால் அவர்கள் பெரும்பாலும் ஒரே முட்டையினர்.

இன்னொன்றையும் மருத்துவர் மறப்பதில்லை. எந்தக் குழந்தை இடப்புறம், எது வலப்புறம் என்று படம் வரைந்து, குப்பிகளிலும் குறிக்கிறார். குறிப்பு மாறினால், சோதனை சரியாயிருந்தும் விடை தவறான குழந்தைக்குப் போய்விடும் அல்லவா? உங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய்களுக்குப் பெயர் எழுதச் சொல்வது ஏன் என்று இப்போது புரிகிறதா?