பட்டறிவும் இளங்குழந்தைக் கற்றலும்: சிலமலை வட்டார வாழ்வியலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

முன்கூட்டித் திட்டமிடப்படாத அன்றாட நிகழ்வுகளின்வழி இளங்குழந்தைகள் பெறும் அறிவைப் ‘பட்டறிவு’ என்னும் சொல்லின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. குழந்தையின் செயலும், அதற்குப் பெரியவர் தரும் மறுமொழியும் இணையும்போதே அவ்வறிவு நிலைபெறுகிறது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பட்டறிவு, புறநானூறு, பிள்ளைத்தமிழ், சிலமலை, ஏலக்காய்.

முன்னுரை

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்துள்ள சிலமலை, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊராகும். போடிமெட்டு வழியே ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோரும், காய் தரம் பிரிப்போரும் இவ்வட்டாரத்தில் உளர். இத்தகைய குடும்பங்களில் வளரும் குழந்தை எழுத்தறியுமுன்பே பலவற்றை அறிந்திருக்கிறது. அவ்வறிவு கல்வியாக மதிக்கப்படுகிறதா என்பதே இங்கு எழும் வினா.

இலக்கியச் சான்றுகள்

‘படு’ என்னும் வினையடியாகப் பிறந்த பட்டறிவு, பிறர் சொல்லக் கேட்டறிவதினின்றும் வேறானது. தானே உற்று உணர்ந்து பெறுவது. பாண்டியன் அறிவுடைநம்பியின் புறநானூற்றுப் பாடல் (188) மக்கட்பேற்றின் சிறப்புக்குச் சான்றாகவே பெரிதும் எடுத்தாளப்படுகிறது. ஆயினும், அதில் வரும் குழந்தை நடந்து சென்று, கைநீட்டி, உணவைத் தொட்டு, வாயிலிட்டு, கலக்கி, உடலெங்கும் பூசிக்கொள்வது ஒரு பொருளை அறியும் முயற்சியின் படிநிலைகளாகவும் அமைகிறது. அச்செயலைத் தடுக்காது கண்டு மகிழும் பெரியவரின் பார்வையும் அப்பாடலில் உண்டு.

பிள்ளைத்தமிழில் அப்பெரியவர் குரலாகவே வெளிப்படுகிறார். செங்கீரை, சப்பாணி, வருகை ஆகிய பருவங்களில் உடல் இயல்பாக எய்தும் வளர்ச்சியைத் தாயர் சொல்லால் வரவேற்கின்றனர். அக்குரல் பாடம் புகட்டவில்லை. குழந்தையின் அசைவுக்குப் பெயரிட்டு அழைக்கிறது.

1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சிலகாலம் கோடைக்கானலில் வாழ்ந்தார். குழந்தை தன் சூழலை உள்வாங்கியே வளர்கிறது என்றும், யாரும் பாடமாகக் கற்பிக்காமலே தாய்மொழியைப் பெறுவது அதற்குத் தலையாய சான்று என்றும் அவர் விளக்கினார். இக்கருத்து மேற்கண்ட இலக்கியச் சான்றுகளோடு ஒத்துச் செல்கிறது.

சிலமலை வட்டாரச் சூழல்

ஏலக்காய் நிறம், பருமன், வெடிப்பு ஆகியவற்றால் தரம் பிரிக்கப்படும். பருமனைச் சல்லடைக் கண்ணின் அளவுகொண்டு 7 மி.மீ., 8 மி.மீ. எனக் கணக்கிடுவர். காய் பிரிக்கும் அப்பத்தாவின் அருகில் அமர்ந்த குழந்தை வெடித்த காயொன்றை நல்ல காய்களோடு போடுவதாகக் கொள்வோம். “இது வெடிச்ச காய் தாயி, தனியாப் போடு” என்னும் ஒரு தொடரில் ஒப்பிடுதல், வகைப்படுத்துதல், பெயரிடுதல் ஆகிய மூன்றும் அடங்கிவிடுகின்றன. பின்னர் எண்ணும் எழுத்தும் பயில இவையே அடிப்படையாகின்றன. அத்தொடர் சொல்லப்படாதவிடத்துக் குழந்தையின் கையில் இருந்தது வெறும் காயே.

கற்றலும் உழைப்பும்

இக்கருத்து குழந்தையின் உழைப்புக்கு நியாயம் கற்பிப்பதாகிவிடக் கூடாது. 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 14 வயது நிரம்பாதோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்கிறது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் தவிர்த்து உதவுவதற்கு விலக்களிக்கிறது. கற்றல் நோக்கில் எல்லை இதனினும் நுண்மையானது. குழந்தை விரும்பியபோது எழுந்து ஓட இயலுமாயின் அது கற்றல். அது பிரித்த காய் கூலிக் கணக்கில் சேருமாயின் அது உழைப்பு.

முடிவுரை

திட்டமிடப்படாத கற்றல் கவனிப்பாரற்ற கற்றல் அன்று; பெரியவரின் பொறுமையும் சொல்லும் அதற்கு இன்றியமையாதன. நாள்முழுதும் தோட்டத்தில் உழைத்துத் திரும்பும் பெற்றோர்க்கு அவ்வோய்வு வாய்ப்பதில்லை. எனவே அம்மறுமொழியைத் தரும் கடமை அங்கன்வாடிக்கும் தொடக்கப் பள்ளிக்கும் உரியதாகிறது. காயின் தரம் பிரித்தறியும் குழந்தையை, எழுத்தறியாமை ஒன்றனால் ‘ஒன்றும் தெரியாத பிள்ளை’ என வகுப்பறை ஒதுக்குமாயின், இழப்பு குழந்தைக்கு மட்டும் உரியதன்று. அக்குழந்தை வழியே வகுப்பறைக்குள் வரவேண்டிய வட்டாரச் சொல்வளமும் வாசலிலேயே நின்றுவிடும்.