மடிக்கணினி அசைவற்று நின்றால்...



தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதன் பின்னர், முன்பு கணினியையே கண்டிராத சிற்றூர் இல்லங்களிலும் மடிக்கணினி அன்றாடப் பொருளாயிற்று. பொருள் வந்தது, அதனைப் பேணும் முறை எல்லோர்க்கும் வந்ததா எனின், இல்லை என்றே கூறவேண்டும். நன்கு இயங்கிக்கொண்டிருந்த கணினி திடீரென அசைவற்று நின்று, எந்த விசையை அழுத்தினாலும் ஏற்க மறுப்பதை ‘ஹேங் ஆகிவிட்டது’ என்கிறோம். அந்நிலையில் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதைக் காண்போம்.

நாம் கண்ட நிகழ்ச்சி

சென்ற சித்திரையில், திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தோம். அவ்வீட்டு மகள் முதுகலை மாணவி. மறைந்த தம் தாத்தா எழுதிவைத்த உரைக்குறிப்புகளைப் பல மாதங்களாக மடிக்கணினியில் தட்டச்சு செய்து வந்தார். குறிப்பேட்டின் தாள்கள் பொடிந்துவிட்டமையால், சில பக்கங்கள் கணினியில் மட்டுமே எஞ்சியிருந்தன. ஒரு நாள் பிற்பகலில் திரை அப்படியே நின்றுவிட்டது. “பெரியப்பா, தாத்தா எழுதியதெல்லாம் போய்விட்டதே!” என்று கலங்கியவர், பவர் பொத்தானை அழுத்தி அணைக்கக் கை நீட்டினார். “சற்றுப் பொறு அம்மா” என்று தடுத்தோம். அப்பொறுமையே இக்கட்டுரையின் முதற்பாடம்.

முதலில் நிலையை அறிதல்

திரை நின்றவுடன் கணினி முழுவதும் நின்றுவிட்டதாகக் கொள்ளலாகாது. ஐந்து நிமிடம் காத்திருத்தல் வேண்டும். பின்னர்க் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பார்க்க வேண்டும். அதன் விளக்கு எரிந்தும் அணைந்தும் மாறுமாயின் கணினி உயிரோடு இருக்கிறது. அதில் ஓடும் ஏதோ ஒரு மென்பொருள்தான் சிக்கிக்கொண்டது என்று உணரலாம். சில கணினிகளில் இவ்விளக்கு இல்லை. திரையில் அம்புக்குறி மட்டும் நகரவில்லையெனில், வெளிச் சுட்டி ஒன்றைச் செருகிப் பார்க்கலாம். அது இயங்கினால் குறை டச்பேடில் உள்ளது. கை தவறி அதனை அணைக்கும் விசையை அழுத்தியிருக்கவும் கூடும். டச்பேடு மேலெழும்பிப் புடைத்திருந்தால் அதன் அடியிலுள்ள பேட்டரி வீங்கியிருக்கலாம். அது தீப்பற்றும் இயல்புடையது. உடனே அணைத்து, மின்இணைப்பை நீக்கி, பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும்; அழுத்தவோ குத்தவோ கூடாது.

அடுத்து, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தினால் விண்டோஸ் கணினியில் டாஸ்க் மேனேஜர் தோன்றும். அதில் ‘பதிலளிக்கவில்லை’ என்று காட்டப்படும் மென்பொருளை மட்டும் மூடலாம். அது தோன்றாவிடில் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் விசைகளை அழுத்தலாம். இம்மூவிசைக் கூட்டு, 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினிக்காக டேவிட் பிராட்லி என்னும் பொறியாளர் அமைத்தது. அன்று அது கணினியை மறுபடி தொடங்கச் செய்தது. இன்று வழிகளைக் காட்டும் பட்டியலைத் திறக்கிறது.

இவை யாவும் பயன் தராத போதுதான் பவர் பொத்தானைப் பத்து நொடி வரை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். அவ்வாறு அணைத்தால் சேமிக்காத எழுத்துகள் போய்விடும். சில வேளை கோப்புகளும் சிதையும். ஆகவே அது இறுதி வழியே அன்றி முதல் வழி அன்று.

காரணங்களும் அடையாளங்களும்

1. வெப்பம்: அரைமணி நேரம் உழைத்தபின் நின்று, ஆறியபின் நன்கு இயங்கினால் வெப்பமே காரணம் என ஐயுறலாம். அளவுக்கு மீறிச் சூடேறிய கணினி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காற்றுத் துளைகளைத் துணியோ தலையணையோ அடைத்தலும், விசிறியில் தூசி படிதலும் இதற்குக் காரணங்கள்.

2. நினைவகப் போதாமை: 2 அல்லது 4 ஜி.பி. ராம் உடைய பழைய கணினியில் பல பக்கங்களை ஒருங்கே திறந்தால் திணறும். வேண்டாதவற்றை மூடுக.

3. ஹார்டு டிஸ்க் பழுது: கோப்பைத் திறக்கும்போதெல்லாம் நிற்பதும், ‘டக் டக்’ என்னும் ஓசை கேட்பதும் இதன் அடையாளங்கள். இங்கே பழுது நீக்க முற்படுமுன் கோப்புகளைப் படியெடுத்தலே முதற்கடமை.

4. மென்பொருட் குறை: சேஃப் மோடில் தொடங்கினால் தடையின்றி இயங்குமாயின், அண்மையில் நிறுவிய மென்பொருளையோ டிரைவரையோ நீக்கிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தமையையும் நினைவிற் கொள்க.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் எதனால் குணமாயிற்று என்பது விளங்காது.

முடிவு என்னாயிற்று?

அன்று கேப்ஸ் லாக் விளக்கு தாமதமாகவேனும் எரிந்தது. கணினியோ தலையணை மீது இருந்தது. அடிப்புறம் கை வைக்க இயலாச் சூடு. அதனை மரப்பலகைக்கு மாற்றிக் காத்திருந்தோம். கால்மணி நேரத்தில் டாஸ்க் மேனேஜர் திறந்தது. உலாவியை மூடி, உரையைச் சேமித்து, உடனே பென் டிரைவில் படியெடுத்தோம். மறுநாள் பழுது பார்ப்பவர் விசிறியைத் திறந்தபோது பஞ்சு போல் தூசி திரண்டிருந்தது. அதனை நீக்கியபின் அக்குறை மீண்டும் தோன்றவில்லை.

ஆயினும், அன்று கணினி மீளாதிருந்தால்? நம் முன்னோர் ஓலை செல்லரிக்கும் முன்னரே வேறோர் ஓலையில் படியெடுத்தனர். ஒரே நூலின் படிகள் பல இல்லங்களில் இருந்தமையால்தான் உ.வே. சாமிநாதையர் அவற்றை ஒப்புநோக்கி 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது. ஓலைக்கு ஏற்ற நெறி கணினிக்கும் ஏற்றதே. முக்கியமான கோப்புக்கு இரண்டு படிகளேனும் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் இல்லத்தில் இருத்தல் நன்று. அம்மாணவியின் தாத்தா எழுதிய உரையின் ஒரு படி இன்று நம் இல்லத்தில் உள்ளது. வாசகர்களும் இவ்விதழை மூடிவைக்குமுன் தத்தம் கோப்புகளுக்குப் படி உண்டா என்று நோக்குவார்களாக.