ஒரே ஸ்விட்ச், ஐந்து வலை: ஊராட்சிக் கட்டடத்தில் விலான் அமைப்பது எப்படி?

ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். ஊராட்சி அலுவலகம், பக்கத்து அறையில் இ-சேவை மையம், சுற்றிலும் எட்டு கேமரா, வாசலில் பொது வைஃபை. பாரத்நெட் இரண்டாம் கட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகத் திட்டமிட்டார்கள். ஃபைபர் வந்த கையோடு 24 போர்ட் ஸ்விட்ச் ஒன்றை மாட்டி, எல்லாக் கேபிளையும் அதில் செருகிவிடுவதுதான் வழக்கம். நெட் வந்துவிடும். ஆனால் வாசலில் உட்கார்ந்திருப்பவரின் போனுக்கு, வரி ரசீது போடும் கணினியும் ஆதார் நகல்கள் கிடக்கும் கணினியும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகள் ஆகிவிடும். மக்களின் காகிதங்களை அப்படித் திறந்து போட நமக்கு உரிமையில்லை.

இவற்றைத் தனித்தனி வலைகளாகப் பிரிக்க ஐந்து ஸ்விட்ச் வாங்க வேண்டியதில்லை. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) ஊரை 30 குடும்புகளாகப் பிரித்ததைச் சொல்கின்றன. ஊர் ஒன்றுதான், எந்த வீடு எந்தக் குடும்பு என்பது மட்டும் கணக்கில் இருந்தது. விலானும் (VLAN) அப்படித்தான். ஸ்விட்ச் ஒன்றே, ஒவ்வொரு போர்ட்டும் எந்த எண்ணைச் சேர்ந்தது என்று எழுதி வைக்கிறோம். விலான் ஆதரவுள்ள ‘ஸ்மார்ட்’ அல்லது ‘மேனேஜ்டு’ ஸ்விட்ச் வேண்டும். சாதாரண ஸ்விட்சில் இது நடக்காது.

முதலில் காகிதம்

ஸ்விட்சைத் தொடும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்:

விலான் 10, அலுவலகம்: 192.168.10.0/24
விலான் 20, இ-சேவை: 192.168.20.0/24
விலான் 30, கேமரா: 192.168.30.0/24
விலான் 40, பொது வைஃபை: 192.168.40.0/24
விலான் 99, கருவிகளை நிர்வகிக்க: 192.168.99.0/24

விலான் எண்ணும் முகவரியின் மூன்றாவது எண்ணும் ஒன்றாக இருந்தால், நள்ளிரவில் கோளாறு பார்க்கிறவருக்குப் பாதி வேலை மிச்சம். கேமராவும், அதன் காட்சிகளைப் பதியும் என்விஆரும் 30-க்குள்ளேயே இருக்கட்டும். ஒரு கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் என்றால் எட்டுக்கு 32. அந்தச் சுமை இரவு பகலாக ரூட்டர் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை.

யார் யாரோடு பேசலாம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அலுவலகம் என்விஆரைப் பார்க்க வேண்டும். இ-சேவை, அலுவலகத்துப் பிரிண்டரில் அச்சடிக்க வேண்டும். இன்டர்நெட்டையும் நிர்வாகத்துக்கான 99-ஐயும் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

ஸ்விட்சில் செய்ய வேண்டியது

ஐந்து விலானையும் உருவாக்குங்கள். கணினி, கேமரா போன்றவை செருகும் போர்ட் ஒவ்வொன்றும் ஒரே விலானில், ‘அன்டேக்டு’ ஆக, அதாவது விலான் சீட்டு ஒட்டாமல், இருக்க வேண்டும். இதுதான் ஆக்சஸ் போர்ட்.

நான் பார்த்த கோளாறுகளில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான். விலை குறைந்த ஸ்விட்சுகளில், போர்ட் 5-ஐ விலான் 20-ல் சேர்ப்பது ஒரு பக்கம், அதன் பிவிஐடி-யை (சீட்டு இல்லாமல் உள்ளே வருவது எந்த விலானைச் சேரும் என்ற எண்) 20 ஆக்குவது இன்னொரு பக்கம். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்தால், ஸ்விட்சிலிருந்து கணினிக்கு வருவது விலான் 20; கணினியிலிருந்து ஸ்விட்சுக்குப் போவது விலான் 1. கேட்பது ஒரு வாசலில், பேசுவது வேறு வாசலில். போர்ட்டில் பச்சை விளக்கு எரியும், கேபிள் டெஸ்டர் நல்லபடி காட்டும், கணினிக்கு மட்டும் 169.254 என்று தொடங்கும் முகவரி வந்து நிற்கும். முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வர் எட்டவில்லை என்று பொருள். ஒருமுறை இதற்காக ஒரு கேபிளையே முழுசாக மாற்றினேன். குறை பிவிஐடி-யில் இருந்தது. விலான் 20-ல் சேர்த்த போர்ட்டை விலான் 1-ன் உறுப்பினர் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட மறக்காதீர்கள்.

ரூட்டருக்குப் போகும் போர்ட் 24 டிரங்க். அதில் ஐந்து விலானும் ‘டேக்டு’ ஆகப் போக வேண்டும். ஐஇஇஇ 802.1கியூ விதிப்படி ஒவ்வொரு ஃப்ரேமிலும் 4 பைட் அளவில் ஒரு சீட்டு ஒட்டப்படுகிறது. எந்த விலான் என்ற எண் அதில் 12 பிட்டில் இருக்கும். வைஃபை அக்சஸ் பாயின்ட் போர்ட்டும் டிரங்க்தான்: அலுவலக வைஃபைக்கு 10, பொது வைஃபைக்கு 40, நிர்வாகத்துக்கு 99.

நிர்வாக முகவரியை 99-க்கு மாற்றுவதைக் கடைசியில் செய்யுங்கள். அதற்கு முன் ஒரு போர்ட்டை 99-ன் ஆக்சஸ் போர்ட்டாக ஒதுக்கி, லேப்டாப்பை அதில் செருகிப் பாருங்கள். இல்லையென்றால் பூட்டிய வீட்டுக்கு வெளியே நாமே நிற்போம்.

ரூட்டரில் செய்ய வேண்டியது

ஃபைபர் பெட்டியின் கேபிள் ரூட்டரின் வான் (WAN) போர்ட்டுக்கு நேராகப் போகட்டும். ஸ்விட்சிலிருந்து வரும் டிரங்க் போர்ட்டின் மேல் ஐந்து விலான் இன்டர்ஃபேஸ் உருவாக்கி, 192.168.10.1, 192.168.20.1 என்று முகவரி கொடுங்கள். அதுவே அந்தந்த விலானின் கேட்வே. ஒவ்வொன்றுக்கும் தனி டிஎச்சிபி. என்விஆருக்கு 192.168.30.10, பிரிண்டருக்கு 192.168.10.50 என்று மாறாத முகவரி.

இவ்வளவு ஆனதும் எல்லா விலானும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிடும். தன்னோடு நேராக இணைந்த வலைகளுக்கு இடையே ரூட்டர் தானாகவே வழிவிடும்; தனியாக ரூட் எழுத வேண்டியதில்லை. பிங் போவதைப் பார்த்து ‘வேலை முடிந்தது’ என்று கிளம்பிவிடுகிறார்கள். உண்மையில், பிரித்ததன் பலன் இன்னும் ஒரு துளிகூடக் கிடைக்கவில்லை.

பயர்வால் விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். அதனால் இந்த வரிசையில்: ஏற்கெனவே தொடங்கிய உரையாடலின் பதில்களை விடு. 10, 20, 40, 99 இன்டர்நெட்டுக்குப் போகலாம். 10-லிருந்து என்விஆருக்கு விடு. 20-லிருந்து பிரிண்டரின் 9100 போர்ட்டுக்கு மட்டும் விடு. 99 எங்கும் போகலாம். மற்ற எல்லாவற்றையும் தடு.

விலான் தாண்டிப் பிரிண்டர் தானாகக் கண்ணில் படாது. இ-சேவைக் கணினியில் ஐபி முகவரி கொடுத்துத்தான் சேர்க்க வேண்டும். கேமராவுக்கு இன்டர்நெட் இல்லாததால் கடிகாரம் நழுவும். நேரம் தப்பாக உள்ள பதிவைக் காவல் நிலையத்தில் கொடுத்து என்ன பயன்? ரூட்டரையே நேரம் சொல்லும் என்டிபி சர்வராக்குங்கள்.

இன்னொரு ஓட்டை உண்டு. மேலே எழுதிய விதிகள் ரூட்டரைக் கடந்து போவதற்கு. ரூட்டருக்கே வருவதற்கு அல்ல. பொது வைஃபையில் இருப்பவர் 192.168.40.1 என்று தட்டினால் ரூட்டரின் லாகின் பக்கம் திறக்கும். 192.168.10.1 என்று தட்டினாலும் திறக்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே ரூட்டர். ஆகவே ரூட்டருக்குள் வரும் விதிகள் தனி: ரூட்டரே தொடங்கிய உரையாடலின் பதில்களை விடு, 99-க்கு முழு அனுமதி, மற்ற விலான்களுக்கு டிஎச்சிபி, டிஎன்எஸ், 30-க்குக் கூடுதலாக என்டிபி, மீதியைத் தடு. வான் பக்கத்திலிருந்து புதிதாக வருவதையும் தடு.

கிளம்பும் முன்

வாசலுக்குப் போய், பொது வைஃபையில் போனை இணைத்து, என்விஆர், பிரிண்டர், ரூட்டர் மூன்றையும் திறக்க முயலுங்கள். மூன்றும் திறக்கக் கூடாது.

பக்கத்துக் கட்டடத்துக்கு இணைப்பு வேண்டுமென்றால் செப்புக் கேபிளை வெளியே இழுக்காதீர்கள். ஒரு இடி மழை போதும், போர்ட்டுகள் கருகிவிடும். கண்ணாடி இழை போடுங்கள்.

பல ஸ்விட்சுகளில் ‘அப்ளை’ வேறு, ‘சேவ்’ வேறு. சேவ் செய்யாமல் வந்தால், அடுத்த மின்வெட்டில் செய்ததெல்லாம் அழிந்து, ஸ்விட்ச் பழையபடி விலான் 1-க்குத் திரும்பிவிடும். அதனால் சேவ் செய்து, யுபிஎஸ்ஸையும் அணைத்து, இரண்டு நிமிடம் கழித்துப் போடுங்கள். ஐந்து விலானிலும் முகவரி வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதலில் எழுதிய தாளில் போர்ட் எண்களையும் சேர்த்தெழுதி, ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுத வேண்டாம்.