கணினிப் பெட்டகமும் அதன் திறவுகோலும்

முன்னாளில் நம் இல்லங்களிற் காணியுறுதி, சாதகம், பரீட்சைச் சான்றிதழ் ஆகியன பெட்டகத்தினுள் வைத்துப் பூட்டப்பட்டன. இன்றோ அவற்றின் படிகளும், வங்கிக் கணக்கு விவரங்களும், ஆசிரியராயின் மாணவர் புள்ளிப் பதிவுகளும் மடிக்கணினி ஒன்றினுள் அடங்கிவிட்டன. பெட்டகத்தைத் தூக்க நால்வர் வேண்டும். மடிக்கணினியைப் பேருந்தில் மறந்துவிட்டு இறங்கிவிடலாம். ஆதலின், இதற்குப் பூட்டு யாது என்னும் வினா எழுகின்றது.

"கடவுச்சொல் இட்டிருக்கின்றேனே" என்பர் பலர். அச்சொல் வாயிற்காவலன் மாத்திரமே. வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் பார்ப்பவன் அவ்வாயில் வழியாக வருவதில்லை. அவனுக்குக் கோப்புகள் யாவும் எழுதியவாறே தெரியும். 2006ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், முன்னாட் படைவீரர் நலன்களுக்கான திணைக்களத்தின் ஊழியர் ஒருவருடைய வீட்டிலிருந்து மடிக்கணினியும் புற வன்தட்டும் களவுபோயின. ஏறத்தாழ 2 கோடி 65 இலட்சம் பேரின் பெயரும் பிறந்த திகதியும் சமூகப் பாதுகாப்பு இலக்கமும் எவ்வித மறைப்புமின்றி அவற்றில் இருந்தன. அடுத்த மாத இறுதியிற் பொருள்கள் மீண்டன. தரவுகளை எவரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை என ஆராய்ந்தோர் கூறினர். எனினும், இடைப்பட்ட வாரங்களில் அத்துணை மக்களுக்கும் காவலாயிருந்தது கள்வனின் அறியாமை ஒன்றே.

இக்குறையைத் தீர்ப்பது மறைகுறியாக்கம். தட்டில் எழுதப்படும் ஒவ்வொன்றையும் திறவுகோலாகிய நெடிய எண்ணொன்றைக் கொண்டு உருக்குலைத்து எழுதுதலும், வாசிக்குங்கால் மீள ஒழுங்காக்குதலுமே இதன் தொழில். இதற்குப் பெரிதும் பயன்படும் ஏஇஎஸ் என்னும் முறை, டாமன், ரைமன் என்னும் பெல்சிய அறிஞர் இருவர் வகுத்தது. 2001இல் அமெரிக்க நியமமாக ஏற்கப்பட்டது. முறை முழுவதும் அச்சில் வெளிவந்துள்ளது, எவரும் கற்கலாம். இரகசியம் திறவுகோலில் மாத்திரமே உளது. 128 பிற்று நீளமுள்ள திறவுகோல்களின் எண்ணிக்கை 39 இலக்கங்களாலாய பேரெண்ணாகும். அவற்றை ஒவ்வொன்றாக முயன்று பார்ப்போன் ஆயுளில் முடிக்கான்.

இதற்கெனத் தனி மென்பொருள் வாங்க வேண்டுவதில்லை. விண்டோஸில் பிற்லொக்கர் 2007 முதல், விஸ்ராவின் உயர்ந்த பதிப்புகளில் இடம்பெற்றது. அப்பிள் கணினியில் 2003இல் வந்த பைல்வோல்ற் முதலிற் பயனரின் கோப்புறையை மாத்திரம் காத்தது. 2011 முதல் முழுத்தட்டையும் காக்கின்றது. லினக்ஸில் லக்ஸ் உண்டு. அதனைப் பணிசெயல் முறைமையை நிறுவும்போதே தெரிந்துகொள்ளுதல் எளிது.

விண்டோஸ் 11 பற்றிச் சற்று விரித்துக் கூறல் வேண்டும். மைக்ரோசொப்ற் கணக்கொன்றைக் கொண்டு புதுக்கணினியைத் தொடக்குவோருக்குப் பெரும்பாலும் இப்பூட்டு தானாகவே விழுந்துவிடுகின்றது. உரியவர் அறியாமலே அவர் பெட்டகம் பூட்டப்பட்டிருக்கும்! தாய்ப்பலகையில் உள்ள ரீபீஎம் என்னும் சில்லு, கணினி வழமைபோல் எழுகின்றதா எனச் சோதித்துத் தட்டின் பூட்டை ஓசையின்றித் திறந்துவிடும். ஆதலால் நாளாந்தம் எவ்வித வேறுபாடும் தோன்றாது. தாய்ப்பலகை மாற்றப்பட்டாலோ, அடிப்படை மென்பொருளில் மாற்றம் நிகழ்ந்தாலோ அச்சில்லு ஐயுறும். அப்போதுதான் நீலத்திரை தோன்றி, 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கும். அதனை இழந்தவருக்கு மைக்ரோசொப்ற் நிறுவனத்தாலும் புதிதாக ஆக்கித்தர இயலாது. பூட்டு நன்று என்பதன் பொருளே அதுதான். கள்வனென்றும் உரியவரென்றும் அது முகம் பாராது.

2024 யூலை 19இல் கிறவுட்ஸ்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பினால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. பிழைக்கோப்பை அகற்றப் பல கணினிகளை ஒவ்வொன்றாக மீட்பு நிலையில் எழுப்ப வேண்டியிருந்தது. பிற்லொக்கர் காத்தவை அந்த 48 இலக்கங்களைக் கேட்டு நின்றன. சில விநாடியில் நீக்கத்தக்க கோப்பொன்றின் பொருட்டு, திறவுகோற் பதிவேட்டைத் தேடும் வேலை பெருவேலையாயிற்று.

ஆகவே கணினி நலமாக உள்ள இன்றே செய்யவேண்டியது ஒன்றுண்டு. விண்டோஸ் அமைப்புகளில், தனியுரிமையும் பாதுகாப்பும் என்னும் பகுதியிற் சாதன மறைகுறியாக்கம் இயங்குகின்றதா எனப் பாருங்கள். இயங்கின், மீட்புத் திறவுகோல் எவரது மைக்ரோசொப்ற் கணக்கிற் கிடக்கின்றதென அறிதல் வேண்டும். கணினியை முதன்முதல் அமைத்துத் தந்தவர் மகனோ மருமகனோ ஆயின், அது அவர் கணக்கில் இருத்தலும் கூடும். கண்டதும் ஆறாறு இலக்கங்களாகிய எட்டுத் தொகுதிகளையும் தாளில் எழுதி, ஒருமுறைக்கு இருமுறை ஒப்புநோக்கி, காணியுறுதியோடு சேர்த்து வையுங்கள். அக்கணினியிலேயே கோப்பாகச் சேமித்தல் திறப்பைப் பெட்டகத்தினுள்ளே வைத்துப் பூட்டுதலை ஒக்கும். முதுமையுற்றோர் இத்தாள் இருக்குமிடத்தை வீட்டார் ஒருவருக்கேனும் சொல்லிவைத்தல் தகும். இன்றேல் அவருக்குப் பின் குடும்பப் படங்களும் எவராலும் திறக்கப்படாமற் கிடக்கும்.

இப்பூட்டின் எல்லையும் தெரிந்திருத்தல் நன்று. கணினி விழித்திருக்கையில் தட்டு திறந்தே கிடக்கும். அவ்வேளை புகும் நச்சுநிரலுக்கு இது தடையன்று. உறங்கும் நிலையிலும் திறவுகோல் நினைவகத்தில் தங்கியிருக்கும். நினைவகச் சில்லுகளைக் குளிரூட்டி அத்திறவுகோலை எடுத்துவிடலாமென 2008இற் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர் காட்டினர். எனவே, பயணம் புறப்படும் முன் மூடியை மடித்தலோடு அமையாது கணினியை முற்றாக நிறுத்துதல் வேண்டும். மறைகுறியாக்கிய தட்டிலிருந்து பென்ரைவுக்குப் படியெடுத்த கோப்பு அங்கே வெளிப்படையாகவே கிடக்கும்; அதற்கும் பூட்டு வேண்டின், விண்டோஸின் புரொ பதிப்பில் உள்ள பிற்லொக்கரைக் கொண்டு அப்பென்ரைவுக்கு வேறாகக் கடவுச்சொல் இட்டுக்கொள்ளலாம்.