சிங்கப்பூர் போகிறவர்களுக்கு: கொஞ்சம் சிங்கிலீஷ்

சிங்கிலீஷ் என்பது சிங்கப்பூர்க்காரர்களின் பேச்சு ஆங்கிலம். முதலில் காப்பிக் கடை. வெறும் ‘கோப்பி’ என்று கேட்டால் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றித் தித்திப்பாக வரும். ‘கோப்பி ஓ’ என்றால் பால் கிடையாது, சர்க்கரை உண்டு. ‘சியூ தாய்’ என்று சேர்த்தால் இனிப்பைக் குறைப்பார்கள்; ‘பெங்’ என்றால் ஐஸ் போடுவார்கள். ‘கொசோங்’ என்றால் சர்க்கரை இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ‘கோப்பி ஓ கொசோங்’ என்பதை மனப்பாடம் செய்துகொண்டே விமானம் ஏறலாம். தேநீருக்கும் இதே கணக்குதான்; ‘கோப்பி’ இருக்கும் இடத்தில் ‘தே’ போடுங்கள்.

உணவங்காடியில் காலி மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் உட்காராதீர்கள். யாரோ ‘சோப்’ செய்திருக்கிறார்கள், அதாவது இடம் பிடித்துவிட்டார்கள். பார்சல் வேண்டுமா? ‘தாபாவ்’.

‘கேன்’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் சரி என்று பொருள், ‘கேனாட்’ என்றால் முடியாது. சிடுசிடுப்பு என்று நினைக்க வேண்டாம். அங்கே பேச்சே அப்படித்தான். டாக்சி ஓட்டுநரையும் கடைக்காரரையும் வயதைப் பார்த்து அங்கிள், ஆன்ட்டி எனலாம்.

நம் சொற்களும் அங்கே உண்டு. தெருமுனைப் பெட்டிக்கடை ‘மாமா ஷாப்’. ஆனால் ‘குண்டு’ என்றால் அங்கே முட்டாள்; கவனம்!

ஒரு எச்சரிக்கை. நல்ல ஆங்கிலம் பேசச் சொல்லி 2000இல் தொடங்கிய இயக்கமே அங்கு உண்டு. நேர்முகத் தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் சிங்கிலீஷ் கூடாது. போய் இறங்கிய மறுநாளே, சிங்கிலீஷில் வாக்கியக் கடைசியில் வரும் ‘லா’ என்ற அசையை வாக்கியத்துக்கு வாக்கியம் ஒட்டாதீர்கள், கேலி செய்வதாக எடுத்துக்கொள்வார்கள்.