உட்லண்ட்சில் பூப்பது எந்தத் துலிப் மரம்?

உட்லண்ட்சிலிருந்து தெற்கே செல்லும் பழைய மலாயா ரயில் தடத்தில் நடந்திருக்கிறீர்களா? 2011 ஜூலை 1 முதல் ரயில் உட்லண்ட்சோடு நின்றுவிட்டது. அங்கிருந்து தஞ்சோங் பகார் வரையிலான சுமார் 24 கிலோமீட்டர் தடத்தின் ஓரங்களில் மரங்கள் தாமாகவே முளைத்து வளர்ந்துள்ளன. அவற்றுள் ஒன்று, உச்சிக்கிளைகளில் ஆரஞ்சு கலந்த சிவப்பில் கிண்ணம் கிண்ணமாகப் பூத்து நிற்கும். "துலிப் மரம்" என்பார்கள். உங்கள் புளோக்கின் சமூகத் தோட்டத்தில் ஒரு கன்று வைத்தால் என்ன என்றுகூட உங்களுக்குத் தோன்றலாம். வைக்கும் முன் அதன் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பம். வளர்ப்பு முறை தேடினால் பெரும்பாலும் கிடைப்பது அமெரிக்கத் துலிப் மரத்தைப் பற்றிய குறிப்புகள்தான். அது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. நம் செண்பகத்துக்கு உறவு. இலையின் நுனியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டதுபோல் இருக்கும். ஆழமான, ஈரமான மண்ணும், இலையுதிர்த்து உறங்கக் குளிர்காலமும் அதற்கு வேண்டும். ஆண்டு முழுவதும் வெக்கையான சிங்கப்பூர் அதற்கு ஏற்ற இடமல்ல.

இங்கே நாம் காண்பது ஆப்பிரிக்கத் துலிப் மரம். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலக் காடுகளிலிருந்து அழகுக்காக உலகெங்கும் கொண்டுசெல்லப்பட்டது. அதன் மொட்டுகள் பழுப்பு நிறத்தில், சிறு வாழைப்பழம்போல் வளைந்திருக்கும். ஒரு மொட்டின் நுனியைக் கிள்ளி அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும். மலாயில் இதற்கு 'பஞ்சுட் பஞ்சுட்' என்று பெயர் வந்ததே இதனால்தான். பஞ்சுட் என்றால் பீய்ச்சுவது. அது மழைநீர் அல்ல. மொட்டின் உறையில் உள்ள நுண்ணிய சுரப்பிகள் சுரக்கும் நீர். இளம் பூ அந்த நீருக்குள் காயாமல், பூச்சிக்கு இரையாகாமல் வளர்கிறது. ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அது இலவசத் தண்ணீர்த் துப்பாக்கி.

அது கேட்பதோ மிகக் குறைவு. நல்ல வெயில், வெட்டவெளி, ஓரளவு மழை. மண் மட்டமாக இருந்தாலும் கவலையில்லை. காய் படகுபோல் பிளந்ததும் உள்ளிருந்து சுமார் 500 விதைகள் வெளிவரும். ஒவ்வொன்றையும் சுற்றிக் கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய சிறகு இருப்பதால் காற்றில் வெகுதூரம் போகும். வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்கும். வேரிலிருந்தும் புதுக்கன்றுகள் எழும்பும்.

இவ்வளவு சுலபமாக வளர்வதுதான் சிக்கல். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இந்த மரமும் உண்டு. ஃபிஜியில் விளைநிலங்களுக்குள் புகுந்து விவசாயிகளைப் படுத்துகிறது. பிரேசிலில் இதன் பூக்களுக்குள் கொடுக்கில்லாத தேனீக்கள் செத்துக் கிடப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நமக்கு இன்னும் நெருக்கமான ஆபத்து ஒன்றும் இருக்கிறது. இதன் கட்டை மென்மையானது. பலத்த காற்றில் கிளை எளிதில் முறியும். புயல்மழை பிடித்தால் இதன் அடியில் ஒதுங்காதீர்கள். சமூகத் தோட்டத்தில் நடும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் வெட்டிவிடலாமா? நான் அவசரப்படமாட்டேன். கைவிடப்பட்ட நிலத்தில் முதலில் நிழல் தருவது இதுபோன்ற மரங்கள்தான். புவெர்ட்டோ ரிக்கோ தீவில் விவசாயம் நின்றுபோன நிலங்களில் இந்த மரமே காடாக வளர்ந்தது. பிறகு அந்த நிழலில் உள்ளூர் மரக்கன்றுகள் தலையெடுத்ததை அங்குள்ள வனவியலாளர்கள் கண்டார்கள். வெயிலை விரும்பும் துலிப் கன்றுகளோ தம் தாய்மரத்தின் நிழலிலேயே திணறுகின்றன. உளுத்த கிளைகளில் பொந்து குடையும் பறவைகளுக்கும் இந்த மென்கட்டை வசதி. வீடுகளுக்கும் நடைபாதைக்கும் அருகில் நிற்பது ஒரு கதை, புதர்க்காட்டின் நடுவில் நிற்பது வேறு கதை.

மூன்றாவது துலிப் மரம் உங்களுக்குப் பழக்கமானதுதான். ஆங்கிலத்தில் 'இந்தியத் துலிப் மரம்' என்பது நம் பூவரசு! அதற்கு இன்னொரு ஆங்கிலப் பெயர் 'போர்ஷியா'. அது பூவரசு என்ற சொல்லே திரிந்து வந்தது. தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய கதை வரும், இலையில் வைத்து அவித்த கொழுக்கட்டையின் கதையும் வரலாம். பூவரசு செம்பருத்திக் குடும்பம். சிங்கப்பூரின் கடலோரங்களில் இயற்கையாகவே வளரும் மரம். உப்புக்காற்றையும் மணல்மண்ணையும் தாங்கும். விதைகள் கடலில் மிதந்து வேறு கரைகளில் முளைக்கும். முற்றிய கிளையை வெட்டி ஊன்றினாலும் வேர்விடும். கிராமங்களில் வேலிக்கு இப்படித்தான் நட்டார்கள். அதற்கு வேண்டியது வெயிலும், நீர் தேங்கி நிற்காத மண்ணும். ஆனால் அதுவும் மரம்தான், தொட்டிச்செடி அல்ல. கிளை பரப்ப இடம் வேண்டும்.

அடுத்த முறை கடலோரப் பூங்காவுக்குப் போனால் பூவரசைத் தேடுங்கள். பறிக்க வேண்டாம்; பூங்காவில் அது குற்றம். காலையில் ஒரு பூவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இளமஞ்சளாக, நடுவில் கருஞ்சிவப்புத் திட்டோடு இருக்கும். சாயங்காலம் வந்து அதே பூவைப் பாருங்கள். மஞ்சள் மங்கிச் சிவக்கத் தொடங்கியிருக்கும்.